மூன்றாவது நாள் எங்கே இருப்பீர்கள்?

மலைச் சைக்கிள் ஓட்டும் விடுமுறைக்காக முதல் தடவை நாங்கள் எடுத்த வீடு இருக்கிறதே, அவ்வளவு அழகான வீட்டில் அதற்கப்புறம் நான் தங்கியதே இல்லை. பிரெஞ்சு ஆல்ப்ஸில் மோர்சின் என்ற ஊருக்கு மேலே, மலைச்சரிவில் தனியாக நின்ற மரவீடு. காலையில் கதவைத் திறந்தால் மேகம் நமக்குக் கீழே கிடக்கும். "லிஃப்ட்டுக்கு ஐந்து நிமிடம்" என்று வீட்டுக்காரர் விளம்பரத்தில் போட்டிருந்தார். (லிஃப்ட் என்றால், ஆளையும் சைக்கிளையும் கம்பியில் தொங்கவிட்டு மலைமேல் ஏற்றிவிடுவது.) பொய் சொல்லவில்லை, காரில் இறங்கினால் ஐந்து நிமிடம்தான். சாயங்காலம் இரண்டு கையும் மரத்துப்போன நிலையில் பதினாறு கிலோ சைக்கிளை அதே ரோட்டில் மிதித்து மேலே கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மூன்றாவது நாள் மத்தியானம் ஒரு வேரைத் தாண்டும்போது 'டக்' என்று சத்தம் கேட்டது. மிதித்தால் சங்கிலி சுற்றவில்லை. குனிந்து பார்த்தால் ஹேங்கர் முறிந்து, கியர் மாற்றி கேபிளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஹேங்கர் என்பது பின்பக்கக் கியர் மாற்றியை ஃபிரேமோடு பிணைக்கும் கட்டைவிரல் அளவு அலுமினியத் துண்டு. அடிபட்டால் ஃபிரேம் உடையாமல் தான் உடைவதற்காகவே அதை அவ்வளவு மெலிதாகச் செய்கிறார்கள். அப்போதெல்லாம் ஒவ்வொரு கம்பெனிக்கும், ஏன், ஒரே கம்பெனியின் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி வடிவம். (2019இல் ஸ்ராம் என்ற உதிரிபாகக் கம்பெனி எல்லா ஃபிரேமுக்கும் பொதுவாக ஒரு ஹேங்கரைக் கொண்டுவந்த பிறகு, அதை ஏற்றுக்கொண்ட புதிய சைக்கிள்களில் இந்தத் தலைவலி குறைந்திருக்கிறது.) கையில் உபரி இல்லை. கார் மலையின் அந்தப் பக்கம் போயிருந்தது. வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே ஏறினேன், வந்து சேர்ந்தபோது ஊரில் கடையெல்லாம் மூடியாகிவிட்டது. மறுநாள் மற்றவர்கள் எழுந்து, கிளம்பி, காரில் என்னைக் கீழே இறக்கிவிட்டபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

கடையில் ஒரு சுவர் முழுக்க ஹேங்கர்கள், ஆணியில் வரிசையாக. என் சைக்கிளுக்கானதும் இருந்தது, மாட்ட பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு முன்னால் நின்ற ஆளுக்கும் இதே கதைதான், ஆனால் அவருக்கு உடைந்தது அன்று காலை, அரை மணிக்கு முன்பு. லிஃப்ட் நிலையத்திலிருந்து தள்ளிக்கொண்டே நடந்து வந்தார், மாட்டிக்கொண்டார், திரும்ப லிஃப்ட்டுக்கே போய்விட்டார். எனக்குப் போனது ஆறு நாள் விடுமுறையில் ஒரு முழு நாள். உடைந்தது அதே துண்டு. அவர் ஊருக்குள் தங்கியிருந்தார், நான் மேகத்துக்கு மேலே தங்கியிருந்தேன்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். சைக்கிள் விடுமுறையின் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். முதல் நாள் எல்லோரும் சூரர்கள். இரண்டாம் நாள் இன்னும் நன்றாக ஓட்டுவோம், வழி பழகிவிடும், பயம் போய்விடும். மூன்றாம் நாள் காலையில் பிரேக் லீவரை இழுக்கும் விரல் மடங்க மறுக்கும், யாருக்காவது முழங்கால் வீங்கியிருக்கும், ஒரு சைக்கிளாவது ஏதாவது சத்தம் போடும், போதாததற்கு மழையும் வரும். எங்கே டேரா போடுவது என்ற கேள்வியை இந்த மூன்றாம் நாளை வைத்துத்தான் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. நாம் எல்லோருமே முதல் நாளை மனதில் வைத்து இடம் தேடுகிறோம்.

அதற்குக் காரணம் வீடியோக்கள். எங்கள் நாலு பேர் கோஷ்டியில், நான், என் மனைவி, நண்பன், அவன் தங்கை, மோர்சின் பக்கம் போகலாம் என்று அடம்பிடித்தது நண்பன். மலையின் சுவிஸ் பக்கத்தில் ஷாம்பெரி என்ற ஊர் இருக்கிறது, 2011 உலக சாம்பியன்ஷிப் டவுன்ஹில் பந்தயம், அதாவது மலைச்சரிவில் வேகமாக இறங்கும் போட்டி, அங்கேதான் நடந்தது. கொட்டும் மழையில், மற்றவர்களெல்லாம் சறுக்கி விழுந்துகொண்டிருந்த அந்தச் செங்குத்துச் சேற்றில் டேனி ஹார்ட் என்ற இளைஞர் 11 வினாடிக்கும் அதிக வித்தியாசத்தில் ஜெயித்தார், டவுன்ஹில்லில் அரை வினாடியே பெரிய விஷயம். அந்த வீடியோவை நண்பன் நூறு தடவை பார்த்திருப்பான். நேரில் போய் அந்தச் சரிவின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தோம். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவன், "டேய், போட்டோ எடுத்துட்டுப் போயிடலாம்டா" என்றான். எங்களில் நன்றாக ஓட்டுபவள் அவன் தங்கைதான், அவள்கூட, "அண்ணா, காய்ஞ்சு கிடக்கும்போதே இப்படி இருக்கே" என்று சைக்கிளைத் திருப்பிவிட்டாள். ஆக, அவ்வளவு தூரம் அந்தப் பகுதியைத் தேடிப் போன காரணத்தில் ஒருவர்கூட ஓட்டவில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உண்மையில் தெரிய வேண்டியது, உயரத்தை எப்படி ஏறப்போகிறோம் என்பதே. லிஃப்ட், வேன், சொந்தக் கால், இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்து விடுமுறையின் குணமே மாறிவிடும். நல்ல பழக்கமுள்ள ஆள் மிதித்து ஏறினால் நாளைக்கு ஆயிரம் மீட்டர் ஏறுவார், அவ்வளவுதான் இறங்கவும் முடியும். லிஃப்ட் இருந்தால் மத்தியானத்துக்குள்ளேயே மூவாயிரம் மீட்டர் இறங்கியிருப்போம். ஆகா என்று தோன்றும். ஆனால் உடம்பு அந்த இறக்கத்துக்குப் பழகியதே இல்லை! வீட்டருகே வருஷம் முழுக்க ஓட்டியதை ஒரே வாரத்தில் இறங்குகிறோம். முன்கை கல்லாகிவிடும். பிரேக் பேடு நாலே நாளில் இரும்புத் தகடு தெரியுமளவு தேயும், மழை நாளென்றால் இன்னும் சீக்கிரம். பெரிய லிஃப்ட் ஊர்களில் பேடு மாற்றுவதற்கென்றே கடையில் கூட்டம் நிற்பது இதனால்தான்.

கனடாவின் விஸ்லர் இந்த வகையின் தலைநகரம். 1999இல் பைக் பார்க்காகத் தொடங்கியது, கோண்டோலாவை (மூடிய கூண்டு லிஃப்ட்) விட்டு இறங்கினால் ஊர், ஊரை விட்டு ஏறினால் கோண்டோலா. மோர்சினும் அதன் பக்கத்து ஊரான லெ ஜேவும் போர்ட் து சொலேய் என்ற பரப்பில் வருகின்றன. பிரான்ஸும் சுவிட்சர்லாந்துமாகப் பன்னிரண்டு ஊர்கள், ஒரே பாஸில் எல்லை தாண்டிப் போய்வரலாம். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? கடைசி லிஃப்ட்டைத் தவறவிட்டால் தெரியும். மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் திரும்பி வர ரோடு மலையைச் சுற்றிக்கொண்டு போகிறது. எல்லை தாண்டும் பெரிய சுற்று ஒன்றைத் திட்டமிடுபவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டவேண்டியதாகிறது, அதிலேயே பாதி சந்தோஷம் போய்விடும். அதனால் பாஸ் எத்தனை ஊருக்குச் செல்லும் என்பதைவிட, தங்கும் வாசலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எத்தனை லிஃப்ட் இருக்கிறது என்று பார்ப்பது மேல். மோர்சினுக்கு இதில் ஒரு சௌகரியம்: ஊரின் ஒரு பக்கம் ப்ளேனே, எதிர்ப்பக்கம் சூப்பர் மோர்சின், நடுவில் நாம். ஒரு பக்கம் சகதியாக இருந்தால் மறுபக்கம் போகலாம். நாங்கள் அந்த நடுவை விட்டுவிட்டு மேலே போய் உட்கார்ந்தோம் என்பதுதான் கொடுமை.

வேன் ஊர்கள் வேறு ரகம். இத்தாலியில் லிகூரியக் கடற்கரையில் ஃபினாலே லிகூரே. லிஃப்ட் கிடையாது, டிரெய்லரில் சைக்கிளை அடுக்கிக்கொண்டு வேன் மலைமேல் ஏற்றிவிடும், சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் பழைய நேட்டோ தளம் ஒன்று இருக்கிறது, அங்கிருந்து கடல் மட்டம் வரைக்கும் இறக்கம். வேனில் அரை மணிக்கும் மேல் உட்கார்ந்து போவதால் கைக்கு ஓய்வு கிடைக்கிறது, ஒரு நாளைக்கு மூன்று நாலு ஓட்டம்தான், அதனால் மூன்றாம் நாளும் ஆளாக இருக்கிறோம். லிஃப்ட்டில் அப்படி இல்லை, ஏழு நிமிடத்தில் மேலே கொண்டுபோய்த் தள்ளிவிடும், 'இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு' என்று போய்க்கொண்டே இருப்போம். அந்தக் கடைசி 'இன்னும் ஒண்ணு'வில்தான் எலும்பு உடைகிறது.

ஃபினாலேயில் கூர்மையான கல் அதிகம், டயர் கிழியும், மெல்லிய டயரோடு போய் நான் இரண்டு கிழித்தேன். ஆனால் நாங்கள் தங்கியது மதில் சூழ்ந்த பழைய ஊரான ஃபினால்போர்கோவில், கடை நடந்துபோகும் தூரம். இரண்டாவது டயர் கிழிந்தபோது கோபம்கூட வரவில்லை.

தரம் குறிக்கும் வண்ணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று ஐரோப்பாவில் போட்டிருப்பார்கள். வட அமெரிக்காவில் பொதுவாகச் சிவப்பே கிடையாது, பச்சை வட்டம், நீலச் சதுரம், அப்புறம் நேராகக் கறுப்பு வைரம், அதற்கு மேல் இரட்டைக் கறுப்பு வைரம். ஆக ஒரு ஊரின் நீலமும் இன்னொரு ஊரின் நீலமும் ஒன்றல்ல. ஜெர்மன் பேசும் பகுதிகளில் எஸ்0 முதல் எஸ்5 வரை எண் கொடுக்கிறார்கள், அது ஓரளவு நேர்மையானது, பாதை எவ்வளவு செங்குத்து, எவ்வளவு கல், திருப்பம் எவ்வளவு குறுகல் என்பதை மட்டும் சொல்கிறது. கோஷ்டியில் மிகப் பலவீனமான ஆள் எதை ஓட்டுவாரோ அந்தத் தரத்தில் குறைந்தது இரண்டு நாளுக்கான பாதைகள் இருக்கிறதா என்று டிரெயில்ஃபோர்க்ஸ் என்ற சைக்கிள் பாதை வரைபடத்தில் எண்ணிப் பாருங்கள். எங்கள் கோஷ்டியில் அந்த ஆள் நான்தான், அதனால் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

காலம் தப்பினால் மேற்சொன்னதெல்லாம் வீண். ஆல்ப்ஸ் லிஃப்ட்டுகள் பெரும்பாலும் ஜூன் நடுவில் திறந்து செப்டம்பரில் மூடிவிடும், அதற்கு முன்போ பின்போ போனால் சும்மா தொங்கும் கம்பியைப் பார்த்துவிட்டு வரலாம். ஃபினாலே நேரெதிர், கோடையில் வேகும், வசந்தமும் இலையுதிர்காலமும்தான் அதற்கு. அமெரிக்காவின் மோவாப் பாலைவனத்தில் 'ஹோல் என்சிலாடா' என்ற நீளப் பாதை ஒன்று, சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் பரோ பாஸ் என்ற கணவாயில் ஆரம்பித்துக் கொலராடோ ஆற்றங்கரை வரை, இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இறங்குகிறது. மேலே பனி உருகும்போது கீழே வெயில் கொளுத்த ஆரம்பித்துவிடும், இரண்டும் ஒத்துவரும் நாட்கள் கொஞ்சம்தான். மண்ணையும் பார்க்க வேண்டும். மோர்சின் பக்கம் மழை பெய்தால் வேரும் களிமண்ணும் சேர்ந்து சோப்புபோல் ஆகிவிடும். நியூசிலாந்தின் ரோட்டோருவாவில் எரிமலை மண், தண்ணீரைச் சட்டென்று குடித்துவிடும், அதனால் அங்குள்ள ரெட்வுட் மரக் காட்டில் வருஷம் முழுக்க ஓட்டுகிறார்கள். ஒரே வாரம் லீவு கிடைக்கிற ஆளுக்கு, மழைக்கு மறுநாள் ஓட்ட முடிகிற மண் எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

சட்டம் இன்னொன்று. வரைபடத்தில் கோடு இருப்பதாலேயே சைக்கிள் போகலாம் என்று அர்த்தமில்லை. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி பொறுப்பாக நடந்துகொண்டால் ஏறக்குறைய எங்கும் ஓட்டலாம். எல்லை தாண்டி இங்கிலாந்துக்குள் வந்தால் குதிரைப் பாதையில் உரிமை உண்டு, நடைபாதையில் கிடையாது. ஆஸ்திரியாவில் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்றாலொழியக் காட்டு ரோட்டில்கூடப் போகக்கூடாது. அமெரிக்காவில் 'வில்டர்னஸ்' என்று அறிவித்த பகுதிக்குள் சைக்கிளுக்கே இடமில்லை. மலை ஒன்றுதான், எந்தச் சரிவில் தங்குகிறோம் என்பதைப் பொறுத்து ஓட்டும் தூரம் பாதியாகிவிடலாம்.

உயரமான இடங்களுக்குப் போகிறவர்கள் என் மூன்றாம் நாள் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும், அங்கே மூன்றாம் நாள்தான் முதல் நாள். லடாக்கின் லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் இறங்கிய கையோடு சைக்கிள் எடுத்தால் தலைவலி, வாந்தி, அதைவிட மோசமும் வரும். இரண்டு நாள் சும்மா கிடந்து, படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்பதை ஒத்துக்கொண்டு, அப்புறம்தான் கர்துங் லா கணவாய். (அங்கே போர்டில் பல வருஷம் 18,380 அடி என்று எழுதியிருந்தார்கள், ஜிபிஎஸ் அளவில் கிட்டத்தட்ட எண்ணூறு அடி குறைகிறது. மூச்சு வாங்குவதில் குறைவில்லை.) ஜீப்பில் மேலே போய் லே வரை சுமார் 40 கிலோமீட்டர் இறங்கலாம். நேபாளத்தின் முஸ்டாங்கில் பிரச்சினை காற்று. காளி கண்டகி பள்ளத்தாக்கில் முற்பகல் தாண்டியதும் தெற்கிலிருந்து வடக்காக வீச ஆரம்பிக்கும், அங்குள்ள ஜோம்சோம் ஊருக்கு விமானங்களே காலையில்தான் வந்துபோகும். நாமோ வடக்கிலிருந்து தெற்காக இறங்குவோம். மத்தியானம் கிளம்பினால் இறக்கத்தில் மிதித்துக்கொண்டே போக வேண்டும், பிரேக்குக்கே வேலை இல்லை! அங்கே தங்குமிடம் பார்ப்பவர்கள் காலை ஆறு மணிக்கு வாசலிலிருந்து எந்தத் திசையில் போகப்போகிறோம் என்று யோசித்தே அறை எடுக்க வேண்டும்.

மின்சார சைக்கிள்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். பயணிகள் விமானத்தில் 100 வாட்-மணிக்குக் கீழுள்ள பேட்டரிக்குத்தான் தாராள அனுமதி, 160 வரை கேட்டுக்கொண்டு எடுத்துப்போகலாம். மலைச் சைக்கிள் பேட்டரி 500, 600, 750 என்று இருக்கும், ஏற்றவே மாட்டார்கள். ஆக நல்ல வாடகைக் கடை இருக்கிற ஊர்தான் அவர்களுக்கு ஊர். சொல்லப்போனால் சாதாரண சைக்கிளுக்கும் பல சமயம் வாடகையே மேல், பெட்டி கட்டி, கழற்றி, மாட்டி, போய்ச் சேர்ந்ததும் பிரேக் தட்டு வளைந்திருப்பதைப் பார்த்து... சரி, அது தனிக் கதை.

இப்போதெல்லாம் வீடு தேடும்போது படுக்கையறை படத்தை நான் பார்ப்பதே இல்லை. மூன்று கேள்வி எழுதி அனுப்புகிறேன். சைக்கிளைப் பூட்டி வைக்க ஜன்னல் இல்லாத அறை உண்டா, வெளியே தண்ணீர்க் குழாய் உண்டா, ஈரமான ஷூவை ஒரே ராத்திரியில் காயவைக்க வழி உண்டா. ஒருவர் மட்டும் பதிலுக்குப் படம் அனுப்பினார். தரையில் வடிகால், சுவரில் தொங்கும் ரப்பர் குழாய், அதன் முனையில் கம்பியால் கட்டிய தேய்ந்த பிரஷ், மூலையில் பழைய செய்தித்தாள் கட்டு, ஷூவுக்குள் திணிக்க. யாரோ பல வருஷமாகச் சேற்றோடு வந்து போகிற இடம் என்று தெரிந்தது. வேறெதையும் கேட்காமல் அதையே எடுத்தோம். பால்கனி கிடையாது, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்.

என் மனைவி சைக்கிள் ஓட்டுவாள், ஆனால் தினமும் ஓட்டமாட்டாள். முதல் பயணத்தில் மேகத்துக்கு மேலே அந்த வீட்டில் இரண்டு நாள் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு, "நீங்க என்னை விடுமுறைக்குக் கூட்டிட்டு வந்தீங்களா, காவலுக்கு வெச்சிட்டுப் போனீங்களா?" என்று கேட்டாள். கார் எங்களிடம் இருந்தது, அவளுக்கு எங்கேயும் போக வழியில்லை. நான் ஹேங்கரைப் பற்றிப் பெரிதாக எழுதிவிட்டேன், அவளைக் கேட்டால் அந்த வீட்டைப் பற்றி இதைத்தான் முதலில் சொல்வாள். ஓட்டாத ஆள் சாவி கேட்காமல், யாரையும் எதிர்பார்க்காமல் வெளியே போய்வர முடிகிற ஊர் என்பதுதான் இப்போது எங்கள் பட்டியலில் முதல் வரி, அதை எழுதியது அவள்.

ஃபினாலேயில் மூன்றாம் நாள் யாரும் வேனில் ஏறவில்லை. தங்கைக்கு மணிக்கட்டு வலி, எனக்கு டயர் மாற்ற வேண்டியிருந்தது, நண்பன் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் களைத்துப்போயிருந்தான். மனைவி காலையிலேயே கிளம்பிக் கடற்கரைக்குப் போயிருந்தாள். பத்து மணிக்கு நாங்களும் சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்தே போனோம், இருபது இருபத்தைந்து நிமிடம். தண்ணீர் சில்லென்று இருந்தது. நண்பன் கழுத்தளவு நீரில் நின்றுகொண்டு மலையைத் திரும்பிப் பார்த்தான், முந்தைய நாள் நாங்கள் இறங்கிய முகடு தெரிந்தது. "நாளைக்கு அந்த இடது பக்கத்துல ஒரு பாதை இருக்குடா, வீடியோ பார்த்தேன்" என்று ஆரம்பித்தான்.